டீக்கடையில் தனித்திருப்பது குற்றமா?



வேலை நாளின் நடுவே ஒருவர் தம் ஊர் டீக்கடைப் பெஞ்சில் தனியே அமர்ந்து, யாரோடும் பேசாமல், ஒரு கிளாஸ் தேநீரை அரைமணி நேரம் நிதானமாய்க் குடிக்கிறார். இவர் செய்வது வீண்பொழுதா, நியாயமான இளைப்பாற்றியா? கேள்வி சிறியதுதான். ஆயினும் மனிதனைப் பற்றி நாம் என்ன எண்ணுகிறோம் என்பது இதற்கு நாம் சொல்லும் விடையில் வெளிப்பட்டுவிடும்.

நம்முடைய கம்பம் பள்ளத்தாக்கு உழைப்பாளிகளின் பூமி. 1895ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து, மலையைக் குடைந்த வழியாய்த் தண்ணீர் இப்பக்கம் திரும்பியது. அதுமுதல் இங்கே மண்ணும் மனிதனும் ஓய்ந்ததில்லை. விடியுமுன்னே ஏலத்தோட்டக் கூலியாட்கள் ஜீப்பேறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாய் மலைக்குப் போகிறார்கள். சின்னமனூருக்கு மேலே மேகமலையில் தேயிலை கொய்யும் கைகள் உண்டு. கீழே திராட்சைப் பந்தலில் கவாத்து, மருந்தடிப்பு, அறுப்பு என்று ஒன்று முடிய ஒன்று நிற்கிறது. இப்படிப்பட்ட ஊரில் "சும்மா உட்கார்ந்திருக்கிறான்" என்பது ஒருவனைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரிய வசையன்றோ?

ஆனால் சும்மா இருப்பது வேறு, சோம்பியிருப்பது வேறு. சோம்பேறி கடமையை விட்டு ஓடுகிறான். இளைப்பாறுகிறவன் கடமைக்குத் திரும்பி வரவே அமர்கிறான். 13ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதை ஆழமாய் ஆராய்ந்தார். உடல் களைத்தால் ஓய்வு வேண்டும். அவ்வாறே அறிவும் களைக்கும், அதற்குரிய ஓய்வு இன்பமே என்பது அவர் கருத்து. பழைய துறவிகள் வழங்கிய கதையொன்றையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அர்ச். அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறலுற்றார்கள். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அருளப்பர் அம்பு எய்யச் சொன்னார். பலமுறை எய்தபின், ஓயாமல் இப்படியே எய்ய முடியுமா என்று வினவினார். வில் முறிந்துபோகும் என்றான் அவன். மனித மனமும் அப்படித்தான் என்றார் அருளப்பர்.

வீட்டிலேயே இளைப்பாறலாமே, கடை எதற்கு என்பீர்கள். வீட்டில் நாம் தகப்பன், தாய், மகன், மருமகள். ஒவ்வொரு உறவும் நம்மை எதற்கேனும் அழைத்துக்கொண்டே இருக்கும். டீக்கடையில் நாம் வெறும் மனிதர். பாய்லரில் நீர் கொதிக்கிறது. மாஸ்டர் டீ ஆற்றுகிறார். பக்கத்தில் ஒருவர் தினத்தந்தியை விரிக்கிறார். தனித்திருக்கிறோம், ஆனால் கைவிடப்பட்டவராய் இல்லை. கிளாஸ் காலியான பின்பும் எழுந்திரு என்று சொல்லாத கடைக்காரர் ஒரு தர்மம் செய்கிறார் என்றே சொல்லவேண்டும்.

எனினும் எந்த இன்பத்துக்கும் வரம்புண்டு. அக்குவினாஸ் மூன்று எச்சரிக்கை தருகிறார்: தகாததிலும் பிறருக்குத் தீங்கானதிலும் இன்பம் தேடலாகாது, மனத்தின் நிதானத்தை இழக்கலாகாது, காலத்துக்கும் இடத்துக்கும் ஆளுக்கும் அது பொருந்த வேண்டும். அரைமணி ஓய்வு அரைநாளாகி, அன்றைய கூலி கடையிலேயே கரைந்தால், அது இளைப்பாற்றியன்று, தப்பியோடல்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இந்தப் பெஞ்சு எல்லாருக்கும் உரியதாய் இருந்ததா? தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் இரட்டைக் குவளை முறை இருந்தது. ஒருசாராருக்குத் தனிக் கிளாஸ், பெஞ்சில் இடமில்லை, தரையில் குந்தியோ, நின்றோ குடிக்கவேண்டும். 1950ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955ல் அதற்கெனத் தண்டனைச் சட்டமும் பிறந்தது. அப்படியிருந்தும் அந்த வழக்கம் பல பத்தாண்டுகள் மறையவில்லை. அவமானப்பட்டு நிற்கிறவனுக்குத் தேநீர் கிடைக்கலாம், இளைப்பாற்றி கிடைக்காது. அயலானுக்கு மறுக்கப்பட்ட பெஞ்சில் நாம் அனுபவிக்கும் அமைதி, அவனிடமிருந்து பறித்த அமைதியே.

பெண்களையும் நினையுங்கள். ஆணுக்கு இணையாய்த் தோட்டத்தில் உழைத்து இறங்கிவரும் பெண், கடையோரம் நின்று அவசரமாய் ஒரு வாய் குடித்துவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறாள். அவள் தனியே அமர்ந்து ஆற அமரத் தேநீர் குடித்தால் ஊர் திரும்பிப் பார்க்கும். அவளுடைய மனம் மட்டும் முறியாத வில்லா?

ஆகவே, தனித்து இளைப்பாறுவது குற்றமன்று. நமக்குத் தேவையென்று எடுத்துக்கொள்வதைப் பிறருக்கு மறுப்பதே குற்றம். இன்று மாலை நீங்கள் டீக்கடைக்குப் போங்கள், மனக்கலக்கமின்றி அமருங்கள். பக்கத்தில் வந்து உட்காருகிறவர் யாராயிருந்தாலும் சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். நாளைக்கு அதே அரைமணி நேரம் வீட்டுப் பொறுப்பை நீங்கள் ஏற்று, உங்கள் மனைவியை, தாயைப் பார்த்து, "போய்ச் சற்று உட்கார்ந்துவிட்டு வா" என்று சொல்லுங்கள்.