அடைக்கலமும் அறுவையும்

சென்ற மார்கழிப் பனியில், தில்லியில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே நடுங்கிக் கிடந்த ஆண் நாய்க்குட்டி ஒன்றை என் மகள் வீட்டுக்குள் எடுத்து வந்தாள். உடன்பிறந்த மூன்றும் அப்பனிக்குத் தப்பவில்லை. இன்று அதற்கு ஏழு மாதம். தடுப்பூசிக்குக் கொண்டுசென்றபோது கால்நடை மருத்துவர், கருத்தடை அறுவை பற்றி முடிவு செய்துவிட்டீர்களா என்று வினவினார். செய்தியைக் கேட்ட என் தாயார், "காளைக்குக் காயடித்தார்கள், அது ஏர் இழுத்தது. இந்த வாயில்லாச் சீவன் உனக்கு என்ன உழப் போகிறது?" என்றார்.

அவ்வினாவை எளிதில் ஒதுக்க இயலவில்லை. காளைக்குக் காயடித்த உழவன், அது தன் பயனுக்கே என்பதை மறைக்கவில்லை. நாமோ நாய்க்குச் செய்வதை 'அதன் நன்மைக்கே' என்கிறோம். தம் வசதிக்குப் பிறர் நன்மை என்று பெயர் சூட்டுதல் மாந்தர்க்குப் பழகிப்போன ஒன்று. ஆகவே அச்சொல் உண்மைதானா என ஆராய்தல் வேண்டும்.

விதைகளை நீக்கினால் அவற்றில் புற்றுநோய் தோன்ற வழியில்லை. முதுமையில் புரோஸ்டேட் சுரப்பி பருத்துத் தரும் தொல்லையும் பெரிதும் குறையும். பெண் நாயைத் தேடிச் சுவர் தாண்டி ஓடும் வேட்கையும் தணியும். மறுபுறம், உடல் எளிதில் பருக்கும். உணவில் அளவு காத்தல் வேண்டும். அச்சத்தால் உறுமும் நாய், அறுவையால் அச்சம் நீங்கிவிடுவதில்லை. குரைப்பை அடக்கவும், பழக்கும் உழைப்பிலிருந்து தப்பவும் கத்தியை நாடுவோர் ஏமாறவே செய்வர்.

செய்வது என்றால் எப்போது? ஆண்மைச் சுரப்பு எலும்பின் வளர்ச்சியை உரிய பருவத்தில் முடித்துவைக்கிறது. மிக இளமையிலேயே அதனை அகற்றினால் எலும்புகள் இயல்பினும் நீளக்கூடும். கோல்டன் ரெட்ரீவர் இன நாய்களைப் பற்றி அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டு நிறையுமுன் அறுவை செய்யப்பெற்ற ஆண் நாய்களிடம் இடுப்பு மூட்டுக் கோளாறு மிகுந்திருந்ததைக் காட்டியது. சிற்றுடல் இனங்களில் இத்தகைய வேறுபாடு பெரிதும் காணப்படவில்லை. எனவே எல்லா நாய்க்கும் ஒரே நாள் குறித்தல் பொருந்தாது. வயிற்றினின்று இறங்காமல் தங்கிவிட்ட விதை மட்டும் விதிவிலக்கு. அதில் புற்று தோன்றும் வாய்ப்பு மிகுதியாதலின், அதனை விட்டுவைத்தல் தகாது.

'இயற்கைக்கு மாறன்றோ' என்பது அடுத்த தடை. நான்கு சுவருக்குள் வைத்து, கழுத்தில் பட்டையிட்டு, வேளை பார்த்து உணவிடும் நாமே அதன் இயற்கையைப் பெரிதும் மாற்றிவிட்டோம். வேட்கையை விட்டுவைத்து அதன் நிறைவை மட்டும் ஆயுள் முழுதும் மறுப்பதும் ஒரு கொடுமையே. அவிழ்த்துவிடலாம் என்றாலோ, ஈனும் துன்பம் யாரோ ஒரு தெருநாய்க்கு. குட்டிகளின் பசி யாருக்குமில்லை என்றாகும். விலங்குகளின் பிறப்புக் கட்டுப்பாடு பற்றி இந்திய அரசு 2023-இல் வகுத்த விதிகள், வளர்ப்பு நாயின் கருத்தடைக்கு வளர்ப்பவரையே பொறுப்பாக்குகின்றன. சட்டம் சொல்லாவிடினும் அப்பொறுப்பு நம்முடையதே.

இதனைச் சொன்னபோது தாயார், "இதன் தகப்பனுக்கு யாராவது அப்படிச் செய்திருந்தால் இந்தக் குட்டி ஏது?" என்றார். சிறிது நேரம் மறுமொழி கிட்டவில்லை. பிறவாத உயிர்க்கு இழப்பில்லை. பிறந்து பனியில் விறைத்த மூன்றுக்கும் துன்பம் இருந்தது. அறிவு இவ்வாறு விடை சொல்லுகிறது. ஆயினும் என் காலடியில் உறங்கும் இவ்வுயிரை நோக்கி அவ்விடையைச் சொல்ல நா எழவில்லை. அத்தயக்கம் இருத்தல் நன்று என்றே கருதுகிறேன். தயக்கமே இன்றிப் பிற உயிரின் உடல்மீது முடிவு செய்பவன் எதையும் செய்வான்.

தருமன் தன்னைத் தொடர்ந்த நாயைக் கைவிட்டு விண்ணுலகு புக மறுத்ததாக மகாபாரதம் கூறும். அடைக்கலம் புகுந்ததை நம் உடைமைபோல் கையாளுதல் முறையன்று; அதன் பொருட்டு முடிவு செய்யாது நழுவுதலும் முறையன்று.

எங்கள் முடிவு இதுவே: ஓராண்டு கடந்து உடல் முதிரட்டும், வரும் தை மாதத்தில், மருத்துவர் சோதித்து இசைந்தால், அறுவை நடைபெறும். அதுவரை கயிறின்றி வெளியே விடாமல் காப்பது எங்கள் சுமை. அச்சுமையை இறக்கிவைக்க அதன் எலும்பின் நலனை விலையாகத் தருதல் கூடாது. தாயார் இன்னும் முழுதும் இசையவில்லை. "அன்றைக்கு நீ அலுவலகம் போகக் கூடாது; கண் விழிக்கும்போது பக்கத்தில் இரு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.