வேர் பிடிக்கும் வரை

கொடிக்காலுக்குள் நுழையும்போது பெரியப்பா செருப்பை வரப்பிலேயே விட்டுவிடுவார். இடுப்பில் ஈர வாழைநார் ஒரு கற்றை செருகியிருக்கும். வெற்றிலைக் கொடியை அகத்தியோடு சேர்த்துப் பிடித்து, இறுக்காமல் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. பிறகு அடுத்த அகத்தி. பதினைந்து இருபது நாளில் கொடி இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். அதற்கு மேலே இன்னொரு முடிச்சு. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் மண்ணைப் பற்றிப் பேசினார்கள், வைகைத் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். நாரைப் பற்றி யாரும் பேசவில்லை. நாளெல்லாம் நாரோடு கிடக்கிற பெரியப்பாகூடப் பேசவில்லை.

நான் நாரை நினைக்கக் காரணம் என் பிழைப்பு. மாடியறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, நேரில் பார்த்தே இராத ஆட்களுக்காக, நக்ஸ்ட் என்கிற ஃப்ரேம்வொர்க்குக்கு மாட்யூல் எழுதுகிறேன். செபஸ்தியன் சோப்பன், அலெக்சாந்த்ர் சோப்பன் என்ற பிரெஞ்சு சகோதரர்கள் 2016இல் தொடங்கியது அது. இணையதளம் கட்டுகிறவருக்கு வழக்கமாக வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கும். அதில் இல்லாத ஒன்றைச் சேர்க்கத்தான் மாட்யூல். மாட்யூல் எழுதுகிறவர்களுக்கென்று 'நக்ஸ்ட் கிட்' என்று தனியாக ஒரு பேக்கேஜ் உண்டு. அதற்குள் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள்: தளம் திறக்கும்போது ஓடுகிற துண்டு நிரலான பிளகினைச் சேர்க்க ஆட்பிளகின், கோப்பு இருக்கிற வழியைச் சரியாகச் சொல்ல கிரியேட்ரிசால்வர், பக்கங்களைக் கூட்டிக் குறைக்க எக்ஸ்டெண்ட்பேஜஸ், மாட்யூலுக்கே ஒரு வடிவம் கொடுக்க டிஃபைன்நக்ஸ்ட்மாட்யூல். ஒவ்வொன்றும் சில வரிகள்தான். இவை இல்லாமலும் எழுதலாம். எழுதினால் கை வலிக்கும், அடுத்த பதிப்பு வரும்போது எல்லாம் உடையும்.

அகத்தி ஃப்ரேம்வொர்க். கொடி என் மாட்யூல். நார் இந்த ஃபங்ஷன்கள். இதை நினைத்த அன்று எனக்கு ஒரே பெருமை. பிறகுதான் சிக்கல் வந்தது.

மாதம் ஒரு ஞாயிறு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். அம்மா போய்க்கொண்டிருந்த வகுப்பு. அவள் காலமான பிறகு அவளுடைய நோட்டை எடுத்துக்கொண்டு நான் போகத் தொடங்கினேன். முதல் பக்கத்தில் கோணல்மாணலாகப் பானை ஒன்று வரைந்து, பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: மண் – முதற்காரணம், தண்டும் சக்கரமும் – துணைக்காரணம், குயவன் – நிமித்த காரணம். அதற்குக் கீழே: உலகத்துக்கு மாயை முதல், சத்தி துணை, சிவன் நிமித்தம். மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அதற்குள் நுழைகிறவர் எவரும் முதலில் இந்தப் பானையில்தான் தட்டுப்படுவார்.

எனக்கும் தட்டியது. சக்கரத்தைக் குயவன் இரவல் கொடுக்கலாம், விற்கலாம், வேலை முடிந்ததும் மூலையில் சாத்தி வைக்கலாம். சத்தியை அப்படிச் சிவனிடமிருந்து கழற்றி எடுத்து வைக்க முடியுமா? சூரியனும் ஒளியும் போல் என்று அதே சித்தாந்தம்தானே சொல்கிறது? அப்படியானால் இரண்டையும் ஒரே வரிசையில் 'துணை' என்று எழுதியது எப்படி? வகுப்பில் கேட்டேன். ஆசிரியர் சிரித்தார். "உவமை ஒருபுடைதான்மா ஒக்கும். எல்லாப் பக்கமும் ஒத்தா அது உவமை இல்ல, அதே பொருள்." பதில் சரிதான். ஆனால் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், என் ஃபங்ஷன்கள் எந்தப் பக்கம் என்ற கேள்வி அங்கேயே உட்கார்ந்திருந்தது. சக்கரமா, சத்தியா?

பார்க்கச் சக்கரம் மாதிரித்தான் இருக்கின்றன. தனிப் பேக்கேஜ், தனிப் பெயர். யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் நக்ஸ்ட் ஓடாத இடத்தில் ஆட்பிளகினை அழைத்துப் பாருங்கள். ஒன்றும் நடக்காது, பிழைச்செய்தி மட்டும் வரும். ஏனென்றால் உள்ளே அது முதலில் செய்கிற காரியம் யூஸ்நக்ஸ்ட் என்ற இன்னொரு ஃபங்ஷனைக் கேட்பது: 'இப்போது இங்கே நிற்கிற நக்ஸ்ட் எது?' நிற்கிறது என்றால் அதைப் பிடித்து வேலை செய்யும். இல்லை என்றால் கைவிரித்துவிடும். தனக்கென்று சொந்தமாக ஒன்றும் வைத்துக்கொள்ளாத உதவி. சந்நிதி இருந்தால்தான் சத்தி.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. நக்ஸ்டின் இரண்டாம் பதிப்பில் மாட்யூல் எழுதிய பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்: 'திஸ்' என்று ஒரு சொல் முன்னால் நிற்கும். திஸ்.ஆட்பிளகின் என்று எழுத வேண்டும். ஃப்ரேம்வொர்க் தன் அதிகாரத்தை அந்தச் சொல்லில் வைத்து மாட்யூலின் கையில் கொடுத்துவிடும்; மாட்யூல் ஏதோ தன்னுடையதுபோல அதைச் சொல்லும். அந்தச் சொல்லைத் தொலைத்தால் (ஏரோ ஃபங்ஷன் எழுதினால் தொலைந்துவிடும், நான் இரண்டு இரவு தேடியிருக்கிறேன்) எல்லாம் போயிற்று. 2022 நவம்பரில் நிலைப்பதிப்பாக வந்த மூன்றாம் நக்ஸ்டில் அந்தத் 'திஸ்' இல்லை. வெறும் ஆட்பிளகின். யாருடையது என்று எழுத வேண்டியதில்லை. கூடவே நிற்கிறவர் யார் என்று அது பார்த்துக்கொள்ளும். வகுப்பில் 'நான், எனது' அறுவதைப் பற்றிப் பாடம் நடந்த வாரம் இது எனக்கு உறைத்தது. ஆசிரியரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி ஒருபுடை என்பார்.

சித்தாந்தத்தில் இறைவன் உயிரோடு நிற்கிற முறைக்கு மூன்று சொல்: ஒன்றாய், வேறாய், உடனாய். உடலும் உயிரும்போல் ஒன்று. கண்ணும் சூரியனும்போல் வேறு. கண்ணொளியும் ஆன்ம அறிவும்போல் உடன். இதில் கண்–சூரியன் எனக்குப் பிடித்தது. வெளிச்சம் இல்லாமல் கண் பார்க்காது. ஆனால் பார்ப்பது சூரியன் அல்ல, கண். அப்படியானால் தவறாகப் பார்த்தால்? அதுவும் கண்ணின் கணக்கில்தான் சேரும் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவேண்டுமே.

எனக்கு வரவில்லை. நடந்தது இது. ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழா. தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கர். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரு புடவைக் கடைத் தளத்துக்கான மாட்யூலைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாங்குகிறவர் எந்த நாடு, எந்த நாணயம் என்று கண்டுபிடிப்பதும், அந்த நாணயத்தில் விலையைக் காட்டுவதும் அதுவரை ஒரே பிளகினில் இருந்தன. அழகுக்காக இரண்டாகப் பிரித்தேன். நாணயம் பார்ப்பதை முதலில் ஆட்பிளகினிடம் கொடுத்தேன். விலை காட்டுவதை இரண்டாவதாக. விடிந்தால் எல்லாப் புடவைக்கும் விலை பூஜ்யம். பட்டுக்கும் பூஜ்யம், சுங்குடிக்கும் பூஜ்யம்.

'கிட் வரிசையைக் கெடுத்துவிட்டது' என்று குழுவுக்கு எழுதினேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பையன் பதில் போட்டான். ஆவணத்தில் ஒரே வரி: வேறு சொல்லாவிட்டால் ஆட்பிளகின் புதிய பிளகினைப் பட்டியலின் முன்னால் வைக்கும். கடைசியில் வைக்க வேண்டுமென்றால் 'அப்பெண்ட்' என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஆக, இரண்டாவதாகக் கொடுத்தது முதலாவதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. நாணயம் தெரியும் முன்பே விலை போட்டது. பூஜ்யம். ஒரு சொல் சேர்த்தேன், சரியாயிற்று.

சூரியன் எழுந்தால் ஒரு தாமரை மலரும், ஒன்று மொட்டாகவே இருக்கும், ஒன்று வாடும். மூன்றுக்கும் சூரியன் ஒன்றுதான், பக்குவம்தான் வேறு. வகுப்பில் இதைக் கேட்டபோது தலையாட்டியவள் நான். ஆனாலும் முழுக்க ஒப்ப மாட்டேன். சூரியனுக்கு டிஃபால்ட் வைத்த ஆள் யாரும் இல்லை. ஆட்பிளகினுக்கு உண்டு. முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று எங்கோ ஒருவர் ஒரு மத்தியானம் முடிவு செய்திருக்கிறார்; அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன், மாட்யூல்களின் பிளகின் முதலில் ஓடிவிட்டால் தளத்துக்காரர் எழுதியது கடைசி வார்த்தையாக நிற்கும். என்றாலும் மனிதர் எடுத்த முடிவு. அதை வினைப்பயன் கணக்கில் எழுதச் சொன்னால் எனக்குக் கூச்சம்.

கூச்சம் இன்னொன்றிலும். அந்த மாட்யூல் இதற்குமுன் இரண்டு ஆண்டு ஒழுங்காக ஓடியது. அப்போது யாராவது கேட்டால் 'நான் எழுதியது' என்றுதான் சொல்லியிருக்கிறேன். பூஜ்யம் வந்த காலையில்தான் முதல் முறையாகக் கிட்டின் பெயர் என் வாயில் வந்தது.

கிட் ஆவணத்தில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. இந்த ஃபங்ஷன்களை மாட்யூலுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். ஓடுகிற தளத்துக்குள், பக்கங்களுக்குள், பிளகின்களுக்குள் கொண்டுவராதீர்கள். கட்டும் நேரத்தில் மட்டும்தான் இவற்றுக்கு இடம். புடவை வாங்குகிற பெண்ணின் போனுக்குள் ஆட்பிளகின் போகாது. அது சேர்த்துவிட்ட பிளகின் போகும், அது போகாது. நான் முதலில் இதை வெறும் தொழில்நுட்பச் சிக்கனம் என்றே படித்தேன்: தேவையில்லாத சுமையை எதற்கு அனுப்புவது? இறைவனின் ஐந்தொழிலில் நான்காவது பாடம் வந்தபோதுதான் மறுபடி எடுத்துப் படித்தேன். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மறைத்தல் ஏன் தொழில்? மறைப்பது கள்ளத்தனம் என்றுதானே வெளியே சொல்வோம்? உயிர் தன் வினையைத் தானே செய்து தானே நுகர்ந்து பக்குவப்பட வேண்டும். அதற்குத் தன்னைச் செலுத்துகிறவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அந்தப் படாமல் இருத்தலும் அருளின் வேலைதான் என்கிறார்கள். உதவி கண்ணெதிரே நின்றுகொண்டே இருந்தால் 'நான் செய்தேன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாவிட்டால் தவறைத் திருத்தவும் மாட்டார்கள்.

இதைத் திருவேடகத்துக் கதையோடு வைத்துப் பார்ப்பேன். எங்களூரிலிருந்து கூப்பிடு தூரம். மதுரையில் வைகையில் விட்ட சம்பந்தரின் ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறிவந்து கரை சேர்ந்த இடம் என்பார்கள். ஏறியது ஏடா, எழுத்தா, எழுதியவரா? கதை சொல்கிறவர்கள் யாரும் ஆற்றைக் கேட்டதில்லை. இறங்குகிற தண்ணீர் அன்றைக்கு வழிவிட வேண்டியிருந்ததே.

திருவிழா முடிந்து நாலு நாள் கழித்துக் கொடிக்காலுக்குப் போனேன். பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. குனிந்து நாரை நனைக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொள்கிறார்.

"பெரியப்பா, நைலான் கயிறு ஒரு கட்டு வாங்கிட்டு வரட்டுமா? ஒருதடவ கட்டினா போதும்ல."

"அது மக்காதுத்தா."

"மக்காட்டி நல்லதுதான?"

"கொடி தடிக்கும்ல. மக்காத கயிறு உள்ள அறுத்துரும்." அடுத்த அகத்திக்கு நகர்ந்துவிட்டார்.

தை மாதம் அவர் கட்டும்போது நான் கூட நின்றிருந்தேன். முழங்கால் உயரத்தில், இந்த வரிசையில்தான். உட்கார்ந்து தேடினேன். கணுவுக்குக் கணு வேர் இறங்கி அகத்திப் பட்டையை இறுகப் பிடித்திருந்தது. இழுத்தால் பட்டைதான் உரியும் போலிருந்தது. நார் இல்லை. மண்ணில் கிளறிப் பார்த்தேன், அங்கும் இல்லை.

"என்னத்தா தேடுற?"

"நீங்க கட்டின முடிச்ச."

அவர் என்னையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த முடிச்சு?" என்றார்.