வாடகையும் வட்டியும்

50 லட்சம் ரூபாயைக் கடனாகக் கொடுத்து மாதந்தோறும் வட்டியாக ஒரு தொகை வாங்கினால் இஸ்லாமியச் சட்டத்தில் அது ஹராம். அதே பணத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டு அதே தொகையைப் பெற்றால் ஹலால். இரண்டிலுமே பணம் போட்டவருக்குப் பெரிய உழைப்பு இல்லை. அப்படியிருக்க, ஒன்று பாவமாகவும் மற்றது நேர்மையான வருமானமாகவும் ஆவது எதனால்? வட்டியைக் கண்டித்த சமயங்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டியிருந்தது.

13ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் பொருளின் இயல்பிலிருந்து விடை தேடினார். திராட்சை மதுவைப் பயன்படுத்துவது என்றால் அதைக் குடித்துத் தீர்ப்பதுதான். மதுவுக்கு ஒரு விலை, அதைப் பயன்படுத்த இன்னொரு விலை என்று கேட்க முடியாது. வீடு அப்படியல்ல. ஒருவர் குடியிருந்துவிட்டுப் போன பிறகும் வீடு இருக்கும்; ஆகவே பயன்பாட்டை மட்டும் பிரித்து விற்கலாம். பணமோ செலவழித்தால்தான் பயன்படும், எனவே அது மதுவின் இனம் என்றார். நேர்த்தியான வாதம். ஆனால் பணமே முதலாகி லாபம் ஈட்டும் வணிக உலகில் இது மட்டும் போதவில்லை.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இன்னும் ஆழமான இடத்தைத் தொட்டார்கள். ஒருவர் வாங்கிய அடிமையிடம் குறை கண்டு திருப்பிக் கொடுத்தபோது, இடைக்காலத்தில் அந்த அடிமையால் கிடைத்த வருமானம் தனக்கே சேரும் என்று விற்றவர் வழக்காடினார். இழப்பு நேர்ந்தால் யார் தலையில் விழுந்திருக்குமோ அவருக்கே வருமானமும் உரியது என்று நபிகள் நாயகம் தீர்ப்பளித்ததாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. வாடகையின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. வீடு இடிந்தால் உரிமையாளரின் முதல் போய்விடும், வாடகையும் அன்றோடு நிற்கும். கடன் கொடுத்தவருக்கு அந்த அபாயம் இல்லை. வாங்கியவர் கையில் பணம் என்ன ஆனாலும் அசலும் வட்டியும் வந்தாக வேண்டும். ஐரோப்பாவில் நிலத்தின் ஆண்டு வருமானத்தை விற்கும் ஒப்பந்தங்களுக்குப் போப் 5ஆம் பயஸ் 1569இல் விதி வகுத்தபோது, அந்தச் சொத்து அழிந்தால் செலுத்தும் கடமையும் அழியும் என்றார். வெவ்வேறு வழியில் வந்த இரு மரபுகளும் ஒரே இடத்தில் சந்தித்தன.

வட்டியில்லா வங்கிகள் பல வீட்டுக்கு நிதி தருவதும் இந்த அடிப்படையில்தான். வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டாக வீடு வாங்குவார்கள். வங்கியின் பங்கு 40 லட்சம், வாடிக்கையாளரின் பங்கு 10 லட்சம் என்றால், வங்கியின் ஐந்தில் நான்கு பங்குக்கு அவர் வாடகை தருவார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பங்கையும் விலைக்கு வாங்குவார். பங்கு குறையக் குறைய வாடகையும் குறையும். வாடகையைச் சந்தை வட்டி விகிதத்தை ஒட்டி நிர்ணயிப்பதால் இது பெயர் மாற்றிய வட்டியே என்பவர்கள் உண்டு. அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதை விட, சுமை யாருடையது என்பதே பெரிய கேள்வி. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்டு 1991 முதல் இயங்கும் இஸ்லாமிய நிதித் தர நிர்ணய அமைப்பு, கட்டடத்தின் பெரிய பராமரிப்பைக் குடியிருப்பவர் மேல் சுமத்த நிபந்தனை போடக்கூடாது என்கிறது. கூரை, அடித்தளம், காப்பீடு எல்லாவற்றையும் குடியிருப்பவர் தலையில் கட்டிவிட்டு வாடகை மட்டும் வாங்கும் வங்கி, உரிமையாளர் என்ற பெயருக்குத் தகுதியில்லாதது.

வட்டிக் கடனில் வீடு வாங்கி வாடகைக்கு விடுபவரின் நிலை வேறு. வாங்கும் வாடகை ஆகுமானதே. கொடுக்கும் வட்டிதான் தடையானது. ஃபத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பிய மன்றம் 1999இல், வேறு வழியற்ற ஐரோப்பிய முஸ்லிம்கள் வட்டிக் கடனில் வீடு வாங்கலாம் என்று தேவையை முன்னிட்டு இசைந்தது. பல அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. இசைந்த மன்றமும், தாமும் குடும்பமும் குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது. வருமானத்துக்காக வாங்கும் இரண்டாவது வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தமிழ்நாட்டில் வாடகையா வட்டியா என்ற இந்தக் கேள்வி ஒத்தி, போக்கியம், லீஸ் என்ற பெயர்களில் வாசலுக்கே வருகிறது. குடிவருபவர் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுப்பார், வாடகையின்றிக் குடியிருப்பார், தவணை முடிந்ததும் முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவார். வட்டி என்ற பேச்சே எழாததால் பலருக்கு இது உறுத்துவதில்லை. ஆனால் முழுதாகத் திரும்பி வரும் பணம் கடன்தான்; அந்தக் கடனுக்காகக் கிடைக்கும் இலவசக் குடியிருப்பு கடன்மேல் வரும் ஆதாயம். இதற்கு நெருக்கமான, திருப்பி வாங்கும் நிபந்தனையோடு விற்கும் முறையை மத்திய ஆசியாவின் ஹனஃபி சட்டப்பிரிவு அறிஞர்களில் ஒரு சாரார் மக்களின் தேவை கருதி அனுமதித்தனர். உஸ்மானியரின் மஜல்லா சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றது. இருந்தும் பெரும்பாலான அறிஞர்கள் ஒத்தியை வட்டியின் கணக்கிலேயே வைக்கின்றனர். பெயருக்கு நூறு, இருநூறு ரூபாய் வாடகை வைத்துக்கொள்வதாலும் நிலைமை மாறாது. பெருந்தொகை கைக்கு வந்ததற்காகத்தான் வாடகை அத்தனை குறைந்தது. முன்பணத்தை அளவாக வாங்கிக்கொண்டு, ஊர் நிலவரப்படி வாடகை பேசி, வீட்டின் பெரிய பழுதுகளை உரிமையாளரே பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் மட்டுமே இந்தச் சிக்கல் எழுவதில்லை.