இருநூறு அடி

2016இல் டெக்சஸில் ஒரு தனிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். எதிரே காலிமனை. ஒரு சனிக்கிழமை பக்கத்துத் தெருப் பெண்மணி அட்டையும் பேனாவுமாக வந்தார். அந்த மனையில் மூன்று மாடிக் குடியிருப்பு வரப்போகிறதாம், எதிர்ப்பு மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறாராம். "சொந்த வீடா?" என்று கேட்டார். "வாடகை" என்றேன். "ஓ, பரவாயில்லை" என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவர்மேல் தப்பில்லை, சட்டமே அப்படித்தான். ஒரு மனையில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் ஸோனிங்கை மாற்ற வேண்டுமென்றால், சுற்றி 200 அடிக்குள் இருக்கும் நில உரிமையாளர்களுக்கு நகராட்சி கடிதம் அனுப்ப வேண்டும். அந்த 200 அடி நிலப்பரப்பில் 20 சதவீதத்துக்கு உரியவர்கள் எழுத்தில் எதிர்த்தால், மன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதாது. நான்கில் மூன்று பங்கு வேண்டும். 7 பேர் மன்றம் என்றால் 4 ஓட்டுக்குப் பதில் 6 ஓட்டு. கவனியுங்கள், இங்கே எண்ணப்படுவது தலைகள் அல்ல, சதுர அடிகள். எங்கள் வீட்டுக்காரர் கலிபோர்னியாவில் இருந்தார். கடிதம் அவருக்குத்தான் போகும். அந்தத் தெருவின் சத்தத்தை ஒருநாளும் கேட்காதவர் கையெழுத்துப் போடலாம். தினமும் கேட்கிற நான் போட முடியாது.

2021இல் வீடு வாங்கினோம். 2023இல் அதே மாதிரிக் கடிதம், இந்தமுறை என் பெயருக்கு. பின்தெருவில் குடியிருப்பு. மனுவோடு வந்தவர் என்னை "நெய்பர்" என்று அழைத்தார். வாங்கி வைத்துக்கொண்டு, பேனாவைத் தேடினேன்.

"கையெழுத்துப் போடப் போறியா?" என்றாள் மனைவி.

"பார்க்கிங் பிரச்சினை வரும்ல? வீட்டு விலையும் இறங்கலாம்."

"நாம வந்தப்போ இப்படி நாலு குடியிருப்பு இருந்திருந்தா வாடகைக்கு அவ்வளவு அலைஞ்சிருப்போமா?"

பதில் இல்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நான் விசாவில் இருப்பவன். இந்த ஊர்த் தேர்தலில் எனக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அந்தத் தேர்தலில் ஜெயித்த மன்றத்தின் கையைக் கட்டிப்போட என் கையெழுத்து உதவும். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் பையன் இதே ஊரில் பிறந்தவன். அவனுக்கு ஓட்டு உண்டு, இந்தக் கையெழுத்து கிடையாது. குடிமகனால் முடியாததை என் பத்திரம் எனக்குத் தந்திருந்தது.

உரிமையாளர் பக்கமும் நியாயம் உண்டு. வாடகைக்காரன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். 30 வருடக் கடன்காரன் எங்கே போவான்? பக்கத்தில் ஒரு கிடங்கோ ஆலையோ வரும்போது, பெரிய முதலாளியிடமிருந்து சின்ன வீட்டுக்காரரைக் காப்பாற்றுவதும் இதே மனுதான். ஆனால் அந்த ஆலையின் புகை பத்திரம் பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை. வாடகை ஏறினால் முதலில் ஊரைவிட்டுப் போக வேண்டியவனும் வாடகைக்காரன்தான். இன்னும் கட்டாத குடியிருப்பில் வந்து வாழப்போகிறவர்களோ கணக்கிலேயே இல்லை.

இதை அமெரிக்க விநோதம் என்று நாம் சிரிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் குடவோலை முறையைப் பெருமையோடு படித்தோம். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, பெயரைக் குடத்தில் போட என்ன தகுதி வேண்டும் என்றும் சொல்கிறது. வேதக்கல்வி, 35க்கு மேல் 70க்குள் வயது, இவற்றோடு கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். அது பிராமணர்களின் சபை. நிலத்தை உழுதவர் பெயர் குடத்துக்குள் போகவே வழியில்லை. பரீட்சையில் ஓலை எடுக்கும் சிறுவனைப் பற்றி எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஓலையில் யார் பெயர் இல்லை என்று கேட்கத் தோன்றியதில்லை.

வட கரோலினா இந்த எதிர்ப்பு மனுவை 2015இல் ஒழித்தது. டெக்சஸ் 2025இல், கூடுதல் வீடுகளுக்கு இடம் தரும் மாற்றங்கள் பலவற்றுக்கு 20ஐ 60 சதவீதமாக்கியது. எத்தனை சதவீதம் என்பது மாறியது. யாருடைய சதவீதம் என்பது மாறவில்லை.

"பார்க்கிங் பிரச்சினைன்னா விசாரணையில போய்ச் சொல்லு, மூணு நிமிஷம் தருவாங்க" என்றாள் மனைவி. "சொல்றது வேற, தடுக்கிறது வேற."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பாதிக்கப்படுகிறவன் பேச வேண்டும், பேசுவதை மன்றம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ஆனால் ஒருவன் சொல்லுக்கு இருக்கும் எடையை அவன் மனையின் அளவு தீர்மானிக்கக் கூடாது. தடுக்கும் அதிகாரம் வேண்டுமென்றால் அது அங்கே வாழ்கிற எல்லோருக்கும் இருக்கட்டும்.

மனுவைக் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதன்பிறகு என்னை நெய்பர் என்று அழைக்கவில்லை. விசாரணைக்குப் போய் பார்க்கிங்கைப் பற்றி மட்டும் பேசினேன். அடுத்துப் பேச வந்த இளம்பெண், "நான் வாடகைக்குத்தான் இருக்கிறேன், ஆனாலும்..." என்று மன்னிப்புக் கேட்பதுபோல ஆரம்பித்தாள். நான் எப்படி ஆரம்பித்தேன் என்பது அப்போது ஞாபகம் வந்தது. "நான் இங்கே வீட்டு உரிமையாளர்" என்று.