பிடித்த வேலை, குறைந்த கூலி

பிடித்ததைச் செய்கிறவளுக்குக் கூலி எதற்கு என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் பெண்கள் செய்யும் பல வேலைகளின் சம்பளத்தைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான். வீட்டுவேலைக்கு அன்பு என்று பெயர் சூட்டியதால்தான் அதற்கு ஊதியம் கேட்பதே விந்தையாகத் தெரிகிறது என்று 1975இல் சில்வியா ஃபெடரிச்சி வாதிட்டார். அடுப்படியைப் பற்றிய அந்த வாதம், அடுப்படிக்கு வெகுதொலைவில் இருப்பதாகத் தோன்றும் ஒரு தொழிலுக்கும் பொருந்துகிறது.

பழைய தொலைக்காட்சித் தொடர்கள், காமிக்ஸ், பொம்மைகள், அவற்றுக்கான ரசிகர் மாநாடுகள் ஆகியவற்றைப் பற்றி எழுதியே வாழ்கிற ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் அமெரிக்காவில் உண்டு. அப்படிப்பட்ட ஒருத்தியை எண்ணிப்பார்ப்போம். ஒரு தொடர் தொடங்கி முப்பது ஆண்டு, ஐம்பது ஆண்டு என வரும் நிறைவுகளே அவளுடைய அறுவடைக் காலம். வார இறுதி முழுவதும் மாநாட்டு அரங்கில் நின்று ரசிகர்களிடம் பேசுகிறாள். அவர்கள் அழுதது, சிரித்தது, பள்ளி நாட்களில் அந்தத் தொடர் தங்களைக் காப்பாற்றியது எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறாள். கூலி சொல்லுக்கு இவ்வளவு, அல்லது கட்டுரைக்கு இவ்வளவு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கும் நம்மூர்ப் பெண்ணின் கணக்குத்தான் இது. சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பு இல்லை; நோய் வந்தால் வருமானம் இல்லை. எழுதிய பணத்தையே துரத்தித் துரத்தி வாங்கவேண்டும். நியூயார்க் நகரம் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2017 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. 800 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள வேலைக்கு எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும்; பணம் தரும் நாளை ஒப்பந்தம் குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் தரவேண்டும். 'ஃப்ரீலான்ஸ் என்றால் இலவசம் அல்ல' என்பதே அந்தச் சட்டத்தின் பெயர். இதைச் சொல்வதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு அவள் கேட்கும் சொல், "உனக்கென்ன, பிடித்ததைப் பார்த்துவிட்டு எழுதுகிறாய்" என்பதுதான்.

இது அவளுக்கு மற்றவர்கள் பட்டிருக்கும் கடன். அவள் மற்றவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் ஒன்றும் உண்டு. அவள் விற்கும் ஏக்கம் யாருடைய உழைப்பின்மேல் நிற்கிறது?

'ஸ்டார் ட்ரெக்' தொடரை எடுத்துக்கொள்வோம். 1966இல் தொடங்கி 1969இல் முடிந்துபோன தொடர் அது. 1967இல் டெவ்ரா லாங்சம், ஷெர்னா காமர்ஃபோர்ட் என்ற இரு பெண்கள் 'ஸ்பாக்கனேலியா' என்ற ரசிகர் சிற்றிதழைத் தொடங்கினார்கள். தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தபோது, பீஜோ ட்ரிம்பிள் தன் கணவருடன் சேர்ந்து நாடெங்குமிருந்து கடிதங்கள் எழுதவைத்தார். மூன்றாம் பருவம் கிடைத்தது. 1972 ஜனவரியில் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் நடந்த மாநாட்டை ஏற்பாடு செய்தவர்களில் லாங்சமும் ஜோன் வின்ஸ்டனும் இருந்தார்கள். சில நூறு பேரை எதிர்பார்த்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். இன்று பெரும் வணிகமாகிவிட்ட ரசிகர் மாநாடுகளின் முன்வரலாற்றில், பெண்கள் ஓய்வு நேரத்தில் கூலியின்றிச் செய்த தபால் வேலையும் சைக்ளோஸ்டைல் மையும் இருக்கின்றன.

ஆனால் 1986இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சி இந்த ரசிகர்களைக் கேலி செய்தபோது, மேடையில் முன்னிறுத்தப்பட்டவர்கள் பெண்வாசனையே அறியாத ஆண்கள். சிரிப்பதற்குக்கூட அந்தப் பெண்கள் நினைவுக்கு வரவில்லை.

ஏக்கத்தில் இரண்டு வகை உண்டு என்று 2001இல் ஸ்வெத்லானா போய்ம் எழுதினார். ஒன்று, இழந்த வீட்டை அப்படியே திரும்பக் கட்ட நினைப்பது. மற்றது, இடிபாட்டின் முன் நின்று யோசிப்பது. வணிகத்துக்கு வேண்டியது முதல் வகை. அதே உடை, அதே இசை, அதே பொம்மை. அந்த வீட்டில் பெண்கள் எந்த அறையில் இருந்தார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. 1964இல் படமான 'ஸ்டார் ட்ரெக்' மாதிரி அத்தியாயத்தில் விண்கலத்தின் இரண்டாம் அதிகாரி ஒரு பெண். மேஜல் பாரெட் நடித்தார். தொடர் ஒளிபரப்பானபோது அந்தப் பாத்திரம் இல்லை. அதே நடிகை செவிலியாக வந்தார். கடைசி அத்தியாயத்தில், தலைமைப் பொறுப்பு மறுக்கப்பட்ட ஒரு பெண் கேப்டனின் உடலைக் களவாடுகிறாள். கதை அவளைச் சித்தம் கலங்கியவளாகக் காட்டுகிறது.

இதை எழுதினால் கொண்டாட்டம் கெட்டுவிடும் என்று ஆசிரியர் தயங்கலாம். அடுத்த கட்டுரை கிடைக்காமல் போகலாம். வாடகை நாள் காத்திருக்காது. ஆகவே அறத்தை அவள் ஒருத்தியின் தலையில் மட்டும் ஏற்றிவிட முடியாது. நியாயமான கூலி இல்லாத இடத்தில் உண்மை சொல்வது தனிமனித வீரமாகச் சுருங்கிவிடுகிறது. கூலிக்கான போராட்டமும் உண்மைக்கான போராட்டமும் அவள் விஷயத்தில் ஒன்றுதான்.

ஆனாலும் சில காரியங்கள் அவள் கையில் இருக்கின்றன. மாநாட்டில் தன்னிடம் மனம் திறந்த பெண்ணை வேடிக்கைப் பொருளாக்காமல் எழுதலாம். அவள் சம்மதத்தோடு அவள் பெயரைச் சொல்லலாம். நடிகரின் கையெழுத்துக்கு நின்ற வரிசையை வர்ணிக்கும் அதே கட்டுரையில், அந்த வரிசை உருவாகக் காரணமான கடிதங்களையும் அவற்றை எழுதியவர்களையும் சொல்லலாம். அந்தத் தொடரை நேசித்துக்கொண்டே, அது பெண்ணை எங்கே நிறுத்தியது என்றும் கேட்கலாம். நேசிப்பவளுக்குத்தான் அதைக் கேட்கும் உரிமை முதலில் இருக்கிறது.

பெண்ணின் அன்பை இரண்டு காரியங்களுக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்: கூலியைக் குறைக்க, கேள்வியை நிறுத்த. இரண்டையும் மறுத்துவிட்டும் ஒன்றை நேசிக்க முடியும். அதற்குப் பிறகும் அந்த நேசம் மிஞ்சினால், அது அவளுடையது.