ஒரு சாண் தூரம்

"சாமி கொடுத்த கண்ணுல உளி வைக்கலாமாடா?" என்று தாத்தா கேட்டார். கேட்டபோது அவர் கையில் உளி இருந்தது. மடியில் சாக்கு விரித்து, ஓர் அம்மனைச் சாய்த்துப் படுக்கவைத்து, கழுத்தாரத்தில் நகாசு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லவில்லை. மூன்று மாதமாக அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு 24 வயது. சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்க்கிற குடும்பம். வலது கண்ணில் மைனஸ் 5.25, இடது கண்ணில் மைனஸ் 4.75. ஆறாம் வகுப்பில் மூக்கில் ஏறிய கண்ணாடி இன்றுவரை இறங்கவில்லை. போன ஆடி மாதம் மூசையிலிருந்து உலோகத்தை மண் அச்சில் ஊற்றும்போது, வியர்வையில் கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. இரண்டு கையும் இடுக்கியில். எதிரே இருந்ததெல்லாம் ஒரு நொடியில் செம்மஞ்சள் புகையாகிவிட்டது. அப்பா போட்ட சத்தத்தில்தான் கை நின்றது. அன்று இரவே லேசர் சிகிச்சையைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

தஞ்சாவூரில் பார்த்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். கருவிழியின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. எனக்கு 535 மைக்ரான். லேசிக் முறையில் மேலே 110 மைக்ரான் அளவுக்கு ஒரு மடலைத் திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, மடலை மறுபடி மூடிவிடுவார்கள். ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் போகும். என் வலது கண்ணுக்குக் கிட்டத்தட்ட 75. "ஒரு தலைமுடி தடிமன்தான் தம்பி" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிற்பநூல் அளவுகளில் மயிர்நுனி என்பதும் ஓர் அளவு. அது எட்டெட்டாகப் பெருகி யவை ஆகும், எட்டு யவை சேர்ந்தால் ஓர் அங்குலம். அந்த அளவைச் சொல்லித்தான் தாத்தா எனக்கு இமைக்கோடு போடக் கற்றுக்கொடுத்தார்.

அந்த லேசரின் கதையைப் படித்தபோதும் பட்டறை ஞாபகம்தான் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து அமெரிக்கா போனவர் ரங்கசாமி சீனிவாசன். ஐபிஎம் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் இருவரோடும் வேலை பார்த்தார். 1981 நவம்பர் 27 அன்று, முந்தின நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியைக் கொண்டுவந்து எக்ஸைமர் லேசரின் கீழே வைத்தார். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் பட்ட இடம் மட்டும் சுத்தமாகச் செதுக்கப்பட்டிருந்தது. பக்கத்துத் தசை கருகவே இல்லை. மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து, சூடு பரவும் முன்பே துகளை வெளியேற்றிவிடுகிற வெட்டு அது. இதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் உளியை நிறுத்தி, "சுடாதா? சுடவே சுடாதா?" என்று இரண்டு முறை கேட்டார். தொழில் தெரிந்தவரின் கேள்வி அது. ஆனால் முதல் கேள்வியை அவர் விடவில்லை.

கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்வதுதான் பக்தி என்றால், எங்கள் ஊர் மலைக்கோவிலில் இருக்கும் பிள்ளையாருக்குக் கண் கொடுத்த கணபதி என்று பெயர் இருக்காது. பார்வையில்லாத பக்தர் ஒருவருக்குப் பார்வை கொடுத்தவர் என்பது தலவரலாறு. சுந்தரரும் சும்மா இருக்கவில்லை. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி எல்லையைத் தாண்டியதும் அவருக்கு இரண்டு கண்ணும் போயின. விதி என்று ஒடுங்கிக் கிடக்காமல் தலம் தலமாகப் போய், சிவனிடம் உரிமையோடு சண்டை போட்டுக் கேட்டார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல்தான் கிடைத்தது. விடாமல் கேட்டுக் காஞ்சியில் இடக்கண்ணையும் திருவாரூரில் வலக்கண்ணையும் வாங்கினார். கேட்பதில் பாவம் இல்லை என்பதற்கு எனக்கு இது போதும்.

ஆனால் அவர்கள் கேட்டது பார்வை. எனக்குத்தான் பார்வை இருக்கிறதே! கண்ணாடி போட்டால் டாக்டர் காட்டும் அட்டையின் கடைசி வரிவரை படிக்கிறேன். தாத்தாவுக்குக் கண்புரை வந்தபோது லென்ஸ் வைத்தோம், யாரும் சாமியைப் பற்றிப் பேசவில்லை. அது நோய், இது நோயில்லை. தாத்தா தடுமாறுவது இந்த இடத்தில்தான். நோயில்லாத உறுப்பில் ஆயுதம் வைக்கலாமா என்பதுதான் அவர் கேட்டது. எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. பழைய மனிதர் ஏதோ சொல்கிறார் என்று இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அவருடைய கேள்விக்குப் பதில் அவர் தொழிலிலேயே இருந்தது.

சிலை வார்த்து, அச்சை உடைத்து, ராவி, செதுக்கி, பளபளப்பு ஏற்றிய பிறகும் கண் மட்டும் மூடியே இருக்கும். கடைசியில் நல்ல நேரம் பார்த்துத் தங்க உளியாலும் வெள்ளிச் சுத்தியலாலும் கண் திறப்போம். வலது கண் சூரியன், இடது கண் சந்திரன். அன்று தாத்தா விரதம் இருப்பார். சிலைக்கு நேர் எதிரே நிற்க மாட்டார், பக்கவாட்டில் உட்கார்ந்துதான் கோடு போடுவார். திறந்ததும் முதல் பார்வைக்குப் பசுவையும் கன்றையும் தானியக் குவியலையும் காட்டுவார்கள். அதுவரை உலோகமாக இருந்தது அதற்குப் பிறகு சாமி. சாமி உலகத்தைப் பார்க்கவே ஒரு மனிதக் கை உளி வைக்கவேண்டியிருக்கிறது என்றால், உளி படாமல் இருப்பதுதான் புனிதம் என்று நான் எப்படி நம்புவேன்? கொடுக்கப்பட்டது முழுமையாவதற்குக் கை தேவைப்படுகிறது. எங்கள் குலத்துக்கே அதுதான் வேலை.

இங்கேயே நிறுத்தியிருந்தால் மறுநாளே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருப்பேன். தாத்தா சொல்லிக்கொடுத்த இன்னொன்று குறுக்கே வந்தது. மெழுகில் வைக்கவும் முடியும், எடுக்கவும் முடியும். உலோகத்தில் எடுக்க மட்டும்தான் முடியும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த பதத்தில் மூக்கை மூன்று முறை மாற்றலாம், யாருக்கும் நஷ்டமில்லை. வார்த்த பிறகு ஒரு மயிர்நுனி அதிகம் போனால் அது போனதுதான். அதனால்தான் கண்கோடு போடும்முன் அவர் ஓர் இரவு அப்படியே விட்டுவிடுவார். காலையில் மறுபடி பார்ப்பார். கண்ணாடி என்பது மெழுகு வேலை, கழற்றலாம், மாற்றலாம். லேசர் உலோக வேலை. அந்த 75 மைக்ரானைத் திருப்பி ஒட்ட எந்த மருத்துவராலும் முடியாது. சில நொடிகளில் முடிந்துவிடும் என்று விளம்பரங்கள் சொல்வது உண்மைதான். வாழ்நாள் முழுவதும் திரும்பாத ஒன்றுக்கு அந்த வேகம் பெருமையாக எனக்குத் தோன்றவில்லை.

போகப்போவது என்ன என்று உட்கார்ந்து பார்த்தேன், சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றினால் என் வலது கண்ணுக்குத் தெளிவின் எல்லை 19 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு அப்பால் அப்பா முகமே கரைந்துபோகும். ஆனால் அந்தச் சாணுக்குள் இருப்பது எனக்குத் தெரிகிற மாதிரி வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மனின் தோள்வளையில் அரிசி முனை அளவுள்ள மகரத்தின் பல் வரிசையைப் பூதக்கண்ணாடி இல்லாமல் செதுக்குகிறேன். கண்ணுக்குச் சிரமமே கிடையாது, அது இளைப்பாறும் தூரமே அதுதான். தாத்தா என்னிடம் நகாசு வேலையைக் கொடுத்ததற்கு இதுதான் காரணம் என்பது எனக்கே சமீபத்தில்தான் உறைத்தது. லேசருக்குப் பிறகும் இளமை இருக்கும்வரை கிட்டத்தில் பார்க்க முடியும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும், அப்போது கிட்டவேலைக்குக் கண்ணாடி தேடவேண்டும். இப்போதிருக்கிற கண் அப்படியே இருந்தால் அறுபதிலும் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்து செதுக்கலாம்.

அதற்காக மைனஸ் பவரை வரம் என்று கொண்டாட வரவில்லை. உலை முன்னால் அது ஆபத்து, போன ஆடியில் பார்த்துவிட்டேன். சாமி கொடுத்தது என்று தாத்தா சொன்னபோது, எனக்குக் கொடுக்கப்பட்டது ஒரு குறை மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். கொடுத்ததில் இன்னொன்றும் இருந்திருக்கிறது. அதை அறியாமலே வெட்டி எறிந்திருந்தால் அதைத்தான் நன்றிகெட்டதனம் என்பேன். அறிந்து, எடைபோட்டு, இதற்காக இதை விடுகிறேன் என்று சொல்லி விடுவது வேறு. தாத்தாவின் விரதமும் அந்த ஓர் இரவும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

போன வாரம் பதில் சொன்னேன். "வைக்கலாம் தாத்தா. ஆனா உலோகத்துல வைக்கிற மாதிரிதான் வைக்கணும்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இன்னிக்கு வைக்காதே" என்றார்.

டாக்டர் சொன்னதும் அதுதான். ஒரு வருடத்தில் என் வலது கண் அரை பவர் ஏறியிருக்கிறது. குறைந்தது ஒரு வருடமாவது அசையாமல் நின்றால்தான் கை வைப்பேன் என்றார். செம்புத்துகள் தெறிக்கிற தொழில் என்று தெரிந்ததும், அடிபட்டால் மடல் விலகக்கூடும், மடல் இல்லாத பி.ஆர்.கே. முறையை யோசிக்கலாம் என்றும் சொன்னார். அதுவரை கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பட்டை கட்டிக்கொண்டுதான் உலைக்குப் போகிறேன். அது வழுக்குவதில்லை.

அடுத்த பரிசோதனை அடுத்த புரட்டாசியில். அதற்கு முன்னால் தை மாதம் இந்த அம்மனுக்குக் கண் திறக்கவேண்டும். வலது கண் தாத்தாவுடையது. இடது கண்ணை இந்த முறை என்னிடம் விட்டிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவேன்.