எல்லோருக்கும் பொருந்தும் சட்டை

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரு நிரல் இன்னும் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நகரத்தின் குப்பை அள்ளும் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த கம்பெனிக்காகச் செய்தது. வேலை தொடங்கும் முன் சூப்பர்வைசர் ஒவ்வொரு தொழிலாளியையும் செல்போனில் படம் எடுப்பார். ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை, கையுறை, பூட்ஸ், முகக்கவசம் நான்கும் படத்தில் இருக்கின்றனவா என்று மென்பொருள் பார்க்கும். இருந்தால் பச்சை. ஒன்று குறைந்தாலும் சிவப்பு. சிவப்பு விழுந்தால் அன்றைய வருகைப்பதிவு நிற்கும். பாதுகாப்புக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று நம்பித்தான் எழுதினேன். அது முழுப்பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

சிவப்பு அதிகமாக விழுகிறது என்று புகார் வந்தது. மென்பொருளில் பிழையா, ஆட்கள் ஏமாற்றுகிறார்களா என்று பார்த்துவரச் சொன்னார்கள். போனேன். வார்டு ஆபீஸ் வாசலில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள், முக்கால்வாசிப் பேர் பெண்கள். நாலடி எட்டு அங்குலம் இருக்கக்கூடிய ஓர் அக்காவுக்கு மூன்று முறையும் சிவப்பு. காரணம் உடனே தெரிந்தது. மேல்சட்டையின் இரண்டு பக்கத்தையும் இழுத்து மடித்து ஊக்கு குத்தியிருந்தார். அந்த மடிப்புக்குள் ஒளிரும் பட்டை பாதி மறைந்துவிட்டது. பட்டை முழுதாகத் தெரியாததால் சட்டையே இல்லை என்று என் நிரல் முடிவுகட்டிவிட்டது.

"ஏங்க்கா மடிச்சீங்க?"

"தம்பி, இதை இப்படியே மாட்டிக்கிட்டு குனிஞ்சா முன்பக்கம் குப்பையில புரளுது. ரெண்டு வாட்டி வண்டிச் சக்கரத்துல மாட்டிக்கிச்சு. நான் விழுந்தா யாரு பாப்பா?"

ஊக்கைக் கழற்றினார், படம் எடுத்தார்கள், பச்சை விழுந்தது. மறுபடி ஊக்கைக் குத்திக்கொண்டு தள்ளுவண்டியை எடுத்துப் போனார். கையுறையையும் பார்த்தேன். விரல் நுனியில் ஓர் அங்குலம் காலியாக நிற்கும் அளவு அது. அதைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்க்க முடியாது. அதனால் பல பேர் நுனிகளைக் கத்தரித்து வைத்திருந்தார்கள். உடைந்த கண்ணாடியும் ஊசியும் குத்துவது அந்த நுனியில்தான். பூட்ஸுக்குள் பழந்துணி திணித்திருந்தார்கள். அந்த வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் தனக்குக் கொடுத்ததைத் தன் உடம்புக்கு ஏற்ப வெட்டி, மடித்து, திணித்து மாற்றியிருந்தார்கள். அதாவது உடை வடிவமைப்பாளர் செய்திருக்க வேண்டிய வேலையை அவர்கள் செய்திருந்தார்கள். என் நிரலோ அதை விதிமீறல் என்று குறித்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. உடம்பும் உடையும் பொருந்தாதபோது, எது மாற வேண்டும்? பதில் சுலபம்போலத் தெரியும். ஆனால் நடைமுறையில் மாறுவது எப்போதும் உடம்புதான்.

அமெரிக்க விமானப்படை இந்தக் கேள்வியை ஒருமுறை நேருக்குநேர் சந்தித்தது. 1926ல் நூற்றுக்கணக்கான ஆண் விமானிகளின் உடலை அளந்து, அந்தச் சராசரிக்கு ஏற்றபடி விமானி அறையை வடிவமைத்திருந்தார்கள். 1940களின் இறுதியில் விமானங்கள் வேகமெடுத்தபோது விபத்துகள் கூடின. விமானிமீது குறையில்லை, இயந்திரத்திலும் குறையில்லை. ஒருவேளை விமானிகள் வளர்ந்துவிட்டார்களோ, புதுச் சராசரி எடுத்தால் சரியாகிவிடுமோ என்று 1950ல் மறுபடி அளந்தார்கள். அந்த வேலையில் இருந்த கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞருக்கு வேறொரு சந்தேகம். உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் நடுவாந்திரமான முப்பது சதவீதத்துக்குள் வருபவரைச் 'சராசரி' என்று தாராளமாகவே வைத்துக்கொண்டார். 4,063 விமானிகளில் பத்து அளவிலும் சராசரியாக இருந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. எல்லோருக்குமாகக் கட்டிய அறை யாருக்குமே கட்டப்படவில்லை. அதன்பிறகு விமானப்படை, தயாரிப்பாளர்களிடம் பிடிவாதமாக நின்று நகர்த்தக்கூடிய இருக்கை, மாற்றக்கூடிய மிதிகள், தலைக்கவச வார்கள், இழுத்துக் கட்டக்கூடிய பறக்கும் உடை எல்லாவற்றையும் கேட்டு வாங்கியது.

இந்தக் கதையை என் துறையில் எல்லோரும் சொல்வார்கள், 'சராசரியை நம்பாதே' என்ற பாடமாக. எனக்கு அதில் உறுத்துவது வேறு. விமானப்படை ஏன் இறங்கிவந்தது? ஒரு விமானியைத் தயார்செய்ய வருஷக்கணக்கும் பணமும் ஆகும். அவர் ஓட்டும் இயந்திரம் இன்னும் விலை. ஆளை மாற்றுவதைவிட இருக்கையை மாற்றுவது மலிவு. குப்பை வண்டி தள்ளும் அக்கா நாளைக்கு வரவில்லை என்றால் வாசலில் இன்னும் நான்கு பேர் நிற்கிறார்கள். அங்கே ஊக்கைவிட மலிவானவர் அவர். உடை யாருக்கு வளைந்துகொடுக்கிறது என்று பார்த்தாலே, ஒரு சமூகம் யாரை எளிதில் மாற்றக்கூடியவர் என்று நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அப்படியானால் விலையுயர்ந்த ஆட்களுக்கு எப்போதும் பொருந்திவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2019 மார்ச்சில் ஆன் மெக்ளெய்ன், கிறிஸ்டினா கோக் இருவரும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே சேர்ந்து நடப்பதாக இருந்தது, பெண்கள் மட்டுமே செய்யும் முதல் விண்நடை. அதற்கு முந்தைய நடையில்தான் தனக்கு நடுத்தர அளவு மேலுடலே பொருந்துகிறது என்று மெக்ளெய்ன் உணர்ந்தார். குறித்த நாளுக்குத் தயாராக இருந்த நடுத்தர அளவோ ஒன்றே ஒன்று. இன்னொன்றைத் தயார்படுத்தப் பல மணி நேரம் ஆகும். எனவே உடையை விட்டுவிட்டு ஆளை மாற்றினார்கள். மெக்ளெய்னுக்குப் பதில் நிக் ஹேக் போனார். பாதுகாப்பைப் பொறுத்தவரை சரியான முடிவு, மெக்ளெய்னும் அதை ஆதரித்தார். கோக்கும் ஜெசிகா மீரும் அதே வருஷம் அக்டோபர் 18 அன்று நடந்தார்கள். ஆனாலும் பட்டியலில் பிந்தி வந்த உடம்புக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும், அளவு அலமாரியில் இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது.

இதற்கு நேர்மாறான கதை ஜீன்ஸின் கதை. 1870 வாக்கில் அமெரிக்காவின் ரீனோ நகரத்தில் ஜேக்கப் டேவிஸ் என்றொரு தையல்காரர். விறகு வெட்டியின் மனைவி ஒருவர் வந்து, வீட்டுக்காரருக்குக் கிழியாத கால்சட்டை வேண்டும் என்று கேட்டார். டேவிஸ், குதிரைப் போர்வையில் அடிக்கும் செப்பு ஆணிகளைப் பாக்கெட் ஓரங்களில் அடித்துக் கொடுத்தார். 1873 மே 20 அன்று அவரும் லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் அந்த மனைவி. எந்த இடத்தில் கிழியும் என்று துவைக்கிறவளுக்குத்தானே தெரியும். தைக்கிறவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மேஜை மட்டும் இருந்தது. நம் அக்காவுக்கும் அந்தச் சட்டையைத் தைத்தவருக்கும் நடுவே ஒரு டெண்டர், ஒரு ஒப்பந்தக்காரர், ஒரு துணை ஒப்பந்தக்காரர், குறைந்த விலைப்புள்ளி, 'ஃப்ரீ சைஸ்' என்ற இரண்டு சொற்கள், கடைசியில் நான்.

தொழில்நுட்பம் இல்லாமலில்லை. கையைத் தூக்கினால் சட்டை மேலே ஏறாமலிருக்க அக்குளில் ஒரு வைரவடிவத் துண்டை வைத்துத் தைக்கலாம். முட்டியில் முன்கூட்டியே வளைவு கொடுக்கலாம். பக்கவாட்டில் ஒட்டுப்பட்டை வைக்கலாம், அழுத்தி இழுத்தால் தானே பிரிகிற மாதிரி. சக்கரத்தில் மாட்டினால் உடை கழன்றுவிடும், ஆள் இழுபடமாட்டார். இதெல்லாம் எங்கேயோ கண்டுபிடித்துப் பல வருஷமாகப் புழக்கத்தில் இருப்பவை. ஏன், நம் ஊர் டைலர்களுக்கே தெரியும். ஜூன் மாதம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது என் அம்மா, "வளர்ற பிள்ளை, உள்ள துணி விட்டுத் தைங்க" என்பார். அடுத்த வருஷம் மடிப்பைப் பிரித்துவிட்டால் வெளுத்த நீலத்துக்குக் கீழே அடர்நீலமாய் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்காக வகுப்பில் கூனிக் குறுகியிருக்கிறேன். இப்போது யோசித்தால், என் உடம்பு நாளைக்கு மாறும் என்று ஒருவர் முன்கூட்டியே நினைத்துப் பார்த்ததன் தடம் அது. டைலர் கடையில் முதல் கேள்வியே "அளவு சட்டை கொண்டுவந்தீங்களா?" என்பதுதான். வார்டு ஆபீஸ் வாசலில் நின்ற முப்பது பேரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

இதுவரை எழுதியதைப் படித்த நண்பன் ஒருவன், "சரி, எல்லோருக்கும் அளவெடுத்துத் தைத்துவிட்டால் பிரச்சினை முடிந்ததா?" என்று கேட்டான். அங்கேதான் எனக்கு உண்மையான சிக்கல்.

தொழிற்பாதுகாப்பில் ஓர் ஏணி உண்டு. முதலில் ஆபத்தையே ஒழி. முடியாவிட்டால் அதற்குப் பதில் ஆபத்து குறைந்த ஒன்றைக் கொண்டுவா. அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்தால் ஆளையும் ஆபத்தையும் பிரி. பிறகு வேலைமுறையை மாற்று. எல்லாம் கைவிட்ட பிறகு, கடைசிப் படியில்தான் பாதுகாப்பு உடை. நாம் ஏணியைத் தலைகீழாக வைத்து உடையிலிருந்து ஆரம்பிக்கிறோம், பெரும்பாலும் அங்கேயே நின்றும்விடுகிறோம். படம் எடுக்க வசதியானது அந்தப் படிதான். ஆபத்து இல்லாமற்போனதைப் படம் எடுக்க முடியாது, கையுறையை எடுக்கலாம்.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் வருஷச் சட்டத்தைப் படித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அரசு அறிவிக்கும் கருவிகளையும் பாதுகாப்பு உடைகளையும் கொண்டு மனிதக் கழிவைச் சுத்தம் செய்பவர், 'கையால் மலம் அள்ளுபவர்' என்று கருதப்படமாட்டார் என்கிறது அதில் ஒரு விளக்கம். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவதும் அப்படியே. உரிய பாதுகாப்புக் கவசமும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் இறங்கினால்தான் அது சட்டத்தின் கண்ணில் 'ஆபத்தான சுத்தம்'. அதே குழி, அதே மனிதன். மேலே ஓர் உடையைப் போட்டதும் அவனுடைய சட்டப்பெயர் மாறிவிடுகிறது. உடை அவனைக் காப்பாற்றுகிறதோ இல்லையோ, இறக்கியவரைக் காப்பாற்றுகிறது. அடியில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். துணி முகக்கவசம் அதன்முன் ஒரு துணி, அவ்வளவுதான். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பாதாளச் சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அது முப்பது லட்சமானது. தொகையை ஏற்ற வேண்டிய நிலை வந்ததென்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்.

அதற்காக, 'இயந்திரம் வரும்வரை கையுறையைப் பற்றிப் பேசாதே' என்று சொல்கிறவர்களோடும் என்னால் நிற்க முடியவில்லை. நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு அந்த அக்கா குனியத்தான் போகிறார். அப்போது அவருக்கு வேண்டியது தன் விரலுக்குச் சேரும் கையுறை. அதைத் தருவது பட்ட கடனைத் திருப்புவது மாதிரி. கடனைக் கட்டியவனுக்கு, இன்னொரு குழிக்குள் இறக்கிவிடும் உரிமை வந்துவிடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது கஷ்டம். கூட்டங்களில் ஒன்றைச் சொன்னால் மற்றதற்கு எதிரி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் செய்தது ரொம்பச் சின்ன வேலை. பச்சை, சிவப்பு இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக மஞ்சளில் ஒரு பொத்தான் வைத்தேன்: 'அளவு சேரவில்லை'. அதை அழுத்தினால் எது சேரவில்லை என்று நான்கு படங்கள் வரும், தொட்டால் போதும், வருகைப்பதிவு நிற்காது. முதல் வாரத்திலேயே திரை மஞ்சளாகிவிட்டது. இரண்டாவது வாரம் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ஒப்பந்தத்தில் பச்சைக்கும் சிவப்புக்கும்தான் கணக்கு உண்டு, மஞ்சள் என்றால் தணிக்கையில் கேள்வி வரும், எடுத்துவிடுங்கள். எங்கள் மேலாளர் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்கடனையும் இன்னும் சிலதையும் யோசித்தேன். எடுத்துவிட்டேன். ஆறு வரி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அதே வார்டுக்குப் போக வேண்டியிருந்தது. அக்கா அடையாளம் கண்டுகொண்டார்.

"தம்பி, அந்த மஞ்சப் பட்டன் எங்க காணோம்?"

"அது... அப்டேட்ல போயிடுச்சுக்கா."

"போச்சா" என்றார். பிறகு மேல்சட்டையை இழுத்துக் காட்டினார். ஊக்கை இப்போது முதுகுப்பக்கம் குத்தியிருந்தார், முன்னால் பட்டை முழுசாகத் தெரிகிற மாதிரி. "இப்படி நின்னா பச்சை விழுது, பாரு" என்று கேமராவுக்கு நேராகத் திரும்பி நின்றார்.